ரீஸ்டோருக்கு முன் எஸ்க்யூஎல் சர்வர் இணைப்பு: எங்கெங்கே இடறும்?

பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்ய (மீட்டெடுக்க), பேக்கப் மென்பொருள் முதலில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரோடு இணைய வேண்டும். அப்போது, சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்னும் பிழை எண் 26 வந்தால் கடவுச்சொல்லைக் குடைய வேண்டாம். இணைப்பு அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (ஒரு கணினியில் தனிப்பெயரோடு ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சொல்வது எஸ்க்யூஎல் பிரௌசர் சேவை. அது கேட்பது யூடிபி 1434இல். ஃபயர்வாலில் டிசிபி 1433ஐ மட்டும் திறந்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். அதைவிட, கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபியை எனேபிள் செய்து, ‘ஐபிஆல்’ பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கி (0 கூட இருக்கக் கூடாது), நிலையான எண் ஒன்றைக் கொடுத்து, சேவையை ரீஸ்டார்ட் செய்வது மேல். பிறகு பேக்கப் மென்பொருளில் சர்வர் பெயர், காற்புள்ளி, போர்ட் எண். முக்காற்புள்ளி போட்டால் இணையாது.

---

போர்ட் சரியாகி, லாகின் தோல்வியைச் சொல்லும் பிழை 18456 வந்தால் திரையைப் பார்த்துப் பயனில்லை. காரணத்தைச் சொல்லும் ‘ஸ்டேட்’ எண் அங்கே எப்போதும் 1தான். சர்வரின் எரர் லாகைத் திறங்கள். அங்கே ஸ்டேட் 5 என்றால் அப்படியொரு லாகின் இல்லை, 8 என்றால் கடவுச்சொல் தப்பு, 58 என்றால் சர்வர் விண்டோஸ் முறையை மட்டும் ஏற்கிறது.

ஓடிபிசி டிரைவரை (மென்பொருளை சர்வரோடு இணைக்கும் நிரல்) பதிப்பு 17இலிருந்து 18க்கு மாற்றியதும் சான்றிதழ் பிழை வருவதும் உண்டு. 18இல் குறியாக்கம் இயல்பாகவே இயங்கும். சர்வர் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழை அது நம்பாது.

---

‘டெஸ்ட் கனெக்‌ஷன்’ பச்சை காட்டுவதை நம்பி உட்கார வேண்டாம். லாகின் நுழைகிறதா என்பதற்கு மேல் அது எதையும் சோதிப்பதில்லை. விடிஐ (பேக்கப் மென்பொருளுக்கென்று எஸ்க்யூஎல் சர்வர் தரும் இடைமுகம்) வழியாக வேலை செய்யும் மென்பொருளுக்கு சிஸ்அட்மின் (சர்வரின் முழு உரிமை) வேண்டும், டிபிகிரியேட்டர் (டேட்டாபேஸ் உருவாக்கும் உரிமை) போதாது. பேக்கப் மென்பொருளின் ஏஜென்ட் (சர்வரில் ஓடும் அதன் பகுதி) விண்டோஸின் லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடுகிறதா? எஸ்க்யூஎல் சர்வர் 2012 பதிப்பிலிருந்து அந்தக் கணக்குக்கு சிஸ்அட்மின் தானாகக் கிடைப்பதில்லை. கையால் கொடுக்க வேண்டும்.

---

இணைப்பின் டிஃபால்ட் டேட்டாபேஸையும் பாருங்கள். ரீஸ்டோர் செய்யப்போகும் டேட்டாபேஸே அங்கே இருந்தால், உங்கள் இணைப்பே அதைப் பிடித்திருக்கிறது என்னும் பிழை 3102தான். மாஸ்டர் என்று மாற்றுங்கள். மற்றவர்களை வெளியேற்ற டேட்டாபேஸை சிங்கிள் யூசர் (ஒரே இணைப்பை மட்டும் ஏற்கும்) நிலைக்கு மாற்றுங்கள், கூடவே ரோல்பேக் இம்மீடியட் (நடக்கும் வேலைகளை உடனே ரத்து செய்வது). ஆனால் அப்ளிகேஷன் சேவையை முதலில் நிறுத்தாவிட்டால், இருக்கிற ஒரே இடத்தையும் அது ஓடிவந்து பிடித்துக்கொள்ளும். நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள்.

---

பேக்கப் ஃபைல் இருக்கும் பாதையையும் இந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். டி டிரைவ் என்று எழுதினால் அது சர்வரின் டி டிரைவ், உங்கள் கணினியுடையது அல்ல. பேக்கப் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்னும் பிழை 3201இல் ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5’ என்றிருந்தால் எஸ்க்யூஎல் சேவைக் கணக்குக்கு அந்த ஃபோல்டரில் உரிமை இல்லை. நீங்கள் மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் எழுத்தும் சேவைக்குத் தெரியாது. முழு யுஎன்சி பாதையை (\\சர்வர்\ஃபோல்டர் என்னும் வடிவம்) கொடுங்கள். இத்தனையும் சரியாக இருந்து 3169 வந்தால் இணைப்பைத் தொட வேண்டாம்: பேக்கப் புதிய பதிப்பில் எடுத்தது, சர்வர் பழையது.