‘மூடல் ஒதுக்கீடு’ என்ற பரிந்துரை குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆயுள் முடிந்த அணுமின் நிலையத்தை நிறுத்தி, பிரித்தெடுத்து, இடத்தைத் தூய்மையாக்கும் செலவுக்காகச் சேர்க்கும் பணத்தை ஆங்கிலத்தில் ‘டீகமிஷனிங் ஃபண்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மூடல் ஒதுக்கீடு’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு சொற்களையுமே நான் ஏற்கத் தயங்குகிறேன்.

மூடல் என்றால் வாசகர் கடைக்குப் பூட்டுப் போடுவதைத்தான் நினைப்பார். உலையை நிறுத்திய பின்னும் எரிபொருள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதை வெளியே எடுத்து நீர்த்தொட்டியில் சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். குழாய்களை வேதிக் கரைசலால் கழுவ வேண்டும். கதிரியக்கம் ஏறிய உலைக்கலத்தின் உட்பாகங்களைப் பெரும்பாலும் நீருக்கடியில் வைத்தே, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால் துண்டு போட வேண்டும். கான்கிரீட்டின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மண்ணையும் அளந்து காட்டிய பிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் அந்த இடத்தைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும். இவ்வளவுக்கும் அமெரிக்க விதி 60 ஆண்டுகள் வரை அவகாசம் தருகிறது.

ஆகவே ‘மூடல்’ நிறுத்தும் நாளுக்கு இருக்கட்டும், ‘பிரித்தகற்றல்’ இடைப்பட்ட வேலைக்கு இருக்கட்டும். முழுப் பணிக்கும் ‘உலைநீக்கம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘பணிநீக்கம்’ ஊழியரை வேலையிலிருந்து எடுப்பதைக் குறிப்பதால் ஆகாது. ‘கலைப்பு’ எனக்குப் பிடித்த சொல்தான், அமைப்பைக் கலைப்பதற்கும் பொறியைக் கலைத்துப் போடுவதற்கும் பொருந்தும். ஆனால் ‘அணுக்கரு’வுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் கருக்கலைப்பு நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது.

அடுத்தது பணம். இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒதுக்கீடு என்றதும் அரசு வரவுசெலவுத் திட்டத்தில் தரும் தொகை என்றே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் செல்லாஃபீல்டு போன்ற பழைய அணு வளாகங்களுக்கு அது சரியான சொல்தான். 2005 முதல் அங்கே பொறுப்பேற்றிருக்கும் அரசு அமைப்புக்குச் செலவின் பெரும்பகுதி வரிப்பணத்திலிருந்தே வருகிறது. மின்சாரத்தைப் பயன்படுத்திய தலைமுறை போதிய பணத்தை எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டால், யார் பணம் கட்டுகிறார் என்ற கேள்வியே வாசகருக்கு எழாது.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே மின்நிறுவனங்கள் பல ஆண்டுகள் இந்தச் செலவைத் தங்கள் ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையில், பின்னாளில் தீர்க்க வேண்டிய ஒரு பொறுப்பாகக் காட்டிவந்தன. நம் மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூலில் இதற்கு ‘ஒதுக்கு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. திரும்பாமல் போகக்கூடிய கடனுக்காகக் கணக்கில் காட்டும் ‘வாரா ஐயக்கடன் ஒதுக்கு’ படித்தவர்களுக்கு இது தெரியும். ஒதுக்கு என்பது ஏட்டில் உள்ள தொகை. நிறுவனம் நொடித்தால் அந்தத் தொகை கைக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்த அச்சத்தில்தான் 2017இல் நிறுவனங்கள் ஏறத்தாழ 2,400 கோடி யூரோவை அரசின் தனி நிதியத்தில் கட்டின. அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், செலவு பின்னால் கூடினாலும் தங்களைக் கேட்கக்கூடாது என்பதற்காகக் கொடுத்த ‘இடர் மிகைத்தொகை’. இந்தப் பணம் கழிவைப் பாதுகாப்பதற்கு மட்டும்தான். உலைநீக்கத்தை நிறுவனங்களே தம் ஒதுக்கிலிருந்து செய்தாக வேண்டும். இந்த ஒரு செய்தியை எழுதவே ஒதுக்கு, நிதி என இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. எனவே தனியே பிரித்து வைத்த பணத்துக்கு ‘உலைநீக்க வைப்புநிதி’ என்கிறேன். வேலை செய்யும் காலத்திலேயே பிடித்து ஓய்வுக்காகச் சேர்ப்பது வைப்புநிதி என்று மாதச் சம்பளக்காரர் அனைவருக்கும் தெரியும்.

இந்தியாவில் யூனிட்டுக்கு 2 பைசா இதற்காக மின்விலையோடு சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அதற்கு ‘உலைநீக்கத் தீர்வை’ பொருந்தும். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்று 80 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி யூனிட். தீர்வை 14 கோடி ரூபாய். கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைக்கு 3 கோடி சொச்சம். கூடங்குளக் கணக்கை 40 ஆண்டுகளுக்கு நீட்டினால், வட்டி இல்லாமல் 560 கோடி. அமெரிக்காவில் 2005இல் உலைநீக்கம் முடிந்த மெய்ன் யாங்கி அணுமின் நிலையத்தின் உலை, கூடங்குளம் உலையைவிடச் சற்றுச் சிறியது. அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 50 கோடி டாலர், இன்றைய மாற்று விகிதத்தில் நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். எரிந்த எரிபொருள் இன்னும் அங்கேயே கலன்களில் நிற்கிறது. இங்கே கூலி குறைவு என்று எவ்வளவு தள்ளினாலும் 2 பைசா எனக்கு மிகக் குறைவாகவே படுகிறது. தீர்வை என்ற பெயர் தனியாக நின்றால், அதன் அளவைப் பற்றித் தமிழில் கேட்கவும் வசதியாக இருக்கும்.

ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. உலையை உடனே பிரிக்காமல், கதிரியக்கம் தணியவும் நிதி வளரவும் பல பத்தாண்டுகள் காவலில் விட்டுவைக்கும் முறை ஒன்று உண்டு. ‘ஆறவைப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் எரிபொருளை நீர்த்தொட்டியில் வைப்பதோடு அது குழம்பும். ‘ஆறப்போடல்’ என்றால் தட்டிக்கழிப்பது போல ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.