புதுப்பிப்பு: மூன்று நாள் சைக்கிள் பயணம், திட்டம் தலைகீழாகிவிட்டது

கடலோரம் ஒரு நாள், மலையில் இரண்டு நாள், மொத்தம் 210 கிலோமீட்டர், ஒரே சைக்கிள் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். "தூரத்தை விடு, ஏற்றத்தைக் கணக்குப் போடு" என்றுதான் பலரும் சொன்னீர்கள். நான் நம்பவில்லை.

சரி, பைகளை மாட்டி ஒரு ஒத்திகை ஓடினேன். பெடல் பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்தில் இருப்பதில் பெரியதில் 28 பல். 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே இறங்கித் தள்ளினேன். (யாரும் பார்க்கவில்லை என்பது ஆறுதல்.) இப்போது பின்னால் பெரியதில் 34 பல் உள்ள கேசட் (பின்சக்கரப் பல்சக்கரங்களின் அடுக்கு) போட்டாயிற்று, செயினையும் கொஞ்சம் நீளமானதாக மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கியரில் முன்னும் பின்னும் 34 பல் என்பதால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 8 கிலோமீட்டர் தாண்டாது. இருந்தாலும் தள்ளுவதைவிட வேகம்தான்.

மலை நாட்களை 45 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டேன். கடலோர நாளில் விடியலிலேயே கிளம்புகிறேன். நிலம் சூடேறச் சூடேறக் கடல்காற்று வலுக்கும், பிற்பகலில் மிதிக்கவே விடாது. உப்புக் காற்று பட்ட செயினை அன்று இரவே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். ஒத்திகையில் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. இனி விட்டு விட்டுத்தான் பிடிப்பேன்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன்.