வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புப் பகிர்வு: பழைய எஸ்எம்பி 1ஐ மீண்டும் இயக்க வேண்டுமா?

நீலத்திரை:
ஒரே ரவுட்டரில் இரண்டு கணினிகளை இணைத்திருக்கிறேன். ஒன்றில் விண்டோஸ் 10 உள்ளது. மற்றொன்றில் விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பு. முதல் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்துள்ளேன். இரண்டாவதில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் எதுவும் தென்படவில்லை. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளையும் 192.168.1.20 என்ற எண்ணையும் தட்டச்சு செய்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. அன்றாடம் உள்நுழையும் பின் எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது. என்ன செய்யலாம்?

சுழல்வட்டு:
'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1ஐ, அதாவது கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையின் பழைய பதிப்பை இயக்குங்கள், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்து வையுங்கள், கடவுச்சொல் பாதுகாப்புடன் கூடிய பகிர்வையும் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு அலுவலகத்துக்குரிய பாதுகாப்பு தேவையில்லை.

கம்பிவடம்:
இந்த ஆலோசனையை முழுமையாக மறுக்கிறேன். கேட்டவர் தந்த விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றுகிறது என்றால் எஸ்எம்பிக்குரிய 445ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியாக முதல் கணினி பதில் அளித்துவிட்டது என்று பொருள்; எனவே கோப்புறையைத் திறப்பதற்கு ஃபயர்வால் தடையே இல்லை, அதற்காக அதை அணைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கணினியின் பெயர் பட்டியலில் தெரியாதது ஒன்று. பழைய பட்டியல் முறை எஸ்எம்பி 1ஐ நம்பியிருந்தது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. இப்போது அந்த வேலையைச் செய்வது வேறு முறை. ஆகவே இரு கணினிகளிலும் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். பிறகு பகிரும் கணினியின் சர்வீசஸ் பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை (கணினியின் பெயரை நெட்வொர்க்கில் அறிவிப்பது இதுதான்) தானியங்கியாக மாற்றுங்கள்.

மற்றொன்று உள்நுழைவு. பின் எண் அது அமைக்கப்பட்ட கணினிக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியாக அது ஒருபோதும் செல்லாது. முதல் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கை (அந்தக் கணினியில் மட்டும் உள்ள பயனர் கணக்கு) கடவுச்சொல்லுடன் உருவாக்கி, அந்தக் கோப்புறைக்கு அனுமதி தந்து, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையுமே இரண்டாவது கணினி கேட்கும் இடத்தில் கொடுங்கள். கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால் விண்டோஸ் அதையும் ஏற்காது.

சுழல்வட்டு:
கடவுச்சொல் பாதுகாப்பை நிறுத்தினால் இவ்வளவு சுற்று எதற்கு? 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை தீநிரல் பரவியதைச் சொல்லி எஸ்எம்பி 1ஐப் பற்றி இன்றும் அச்சுறுத்துகிறார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. என்னிடம் உள்ள பழைய நெட்வொர்க் சேமிப்பகத்துக்கு எஸ்எம்பி 1 தவிர வேறெதுவும் தெரியாது. அதைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?

கம்பிவடம்:
எறியச் சொல்லவில்லை, உங்கள் தேவை உண்மையானதுதான். ஆனால் அது கேட்டவரின் தேவை அல்ல. அவருடைய இரு கணினிகளும் எஸ்எம்பி 3 பேசக்கூடியவை. திருத்தம் அடைத்தது அந்த ஒரு ஓட்டையைத்தான்; தரவை மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி எஸ்எம்பி 3இல்தான் வந்தது, அதை எந்தத் திருத்தமும் எஸ்எம்பி 1க்குக் கொண்டுவராது. வீட்டின் வைஃபையில் தொலைக்காட்சி, கேமரா, விருந்தினரின் கைபேசி என எத்தனையோ கருவிகள் இணைகின்றன. அவற்றில் ஒன்று தீநிரலுக்கு இடம் கொடுத்தால், திறந்து கிடக்கும் பகிர்வுதான் முதல் இரை.

கடவுச்சொல்லை நிறுத்தும் வழியும் இவருக்கு உதவாது. 24எச்2இன் புரோ பதிப்பு ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பிலும் கையொப்பத்தை (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான டிஜிட்டல் முத்திரை) இயல்பாகவே கட்டாயமாக்குகிறது. கடவுச்சொல் இல்லாமல் நுழையும் கெஸ்ட் அமர்வில் கையொப்பமிட முடியாது என்பதால் இணைப்பே மறுக்கப்படும்.

உங்கள் சேமிப்பகத்துக்குக்கூட எஸ்எம்பி 1 முழுவதையும் இயக்க வேண்டியதில்லை. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 'கிளையன்ட்', 'சர்வர்' என இரண்டும் தனித்தனியே உள்ளன. கிளையன்ட்டை மட்டும் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணினி அந்தக் கருவியை அணுகலாம், ஆனால் பிறர் உங்கள் கணினியைப் பழைய நெறிமுறையில் அணுக முடியாது.

சுழல்வட்டு:
கிளையன்ட்டை மட்டும் இயக்குவதை ஏற்கிறேன். ஆனால் கணினியில் நேரடியாகக் கோப்பைச் சேமிக்கும் பழைய ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு சர்வர் பகுதி தேவைப்படும். அவர்களுக்கும் ஒரே விதியைச் சொல்வது சரியல்ல.

கம்பிவடம்:
அந்த ஸ்கேனரில் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் வேறொரு நெறிமுறை) அல்லது யுஎஸ்பி வசதி இருந்தால் முதலில் அதை முயலட்டும் என்பேன். இரண்டும் இல்லாதவருக்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

நீலத்திரை:
லோக்கல் கணக்கின் பெயரைக் கொடுத்ததும் கோப்புறை திறந்தது. சர்வீஸை மாற்றியபின் பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. கோப்புகளைப் படிக்க முடிகிறது, ஆனால் புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை.

சுழல்வட்டு:
'எவ்ரிஒன்' (எல்லாப் பயனர்களும்) என்பதற்கு முழு அனுமதி கொடுத்துப் பாருங்கள்.

கம்பிவடம்:
அதைக் கொடுத்தாலும் ஒருவேளை நிலைமை மாறாது. அனுமதி இரண்டு இடங்களில் பார்க்கப்படுகிறது: 'ஷேரிங்' தாவலில் ஒன்று, 'செக்யூரிட்டி' தாவலில் மற்றொன்று. இரண்டில் எது குறுகியதோ அதுவே செல்லும். ஷேரிங் பகுதியில் அந்தக் கணக்குக்கு 'சேஞ்ச்' அனுமதியும், செக்யூரிட்டி பகுதியில் 'மாடிஃபை' அனுமதியும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.