கோழியில் செய்தால் அது சாஸ் மடாம் ஆகுமா?

கரியடுப்பு:
இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்ற சமையல் நூலில் உள்ள சாஸ் மடாம் என்ற இறைச்சிக் குறிப்பைச் செய்து பார்த்தேன். சேஜ், பார்ஸ்லி, ஈசோப்பு, சேவரி என்ற மூலிகைத் தழைகள், சீமை மாதுளை (க்வின்ஸ் பழம்), பேரிக்காய், பூண்டு, திராட்சை எல்லாவற்றையும் பறவையின் வயிற்றில் அடைத்துத் தைத்து, ஓவனில் 180 டிகிரியில் சுட்டேன். குறிப்பில் இருப்பது கூஸ் என்கிற பெருவாத்து. அது கிடைக்காததால் கோழி. வாசனை வீடு முழுக்க நிறைந்தது!

ஏட்டுப்பிரியை:
அண்ணா, இதைச் சாஸ் மடாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழுப்பு வெளியே வராதபடி துளையைத் தைக்கச் சொல்கிறது குறிப்பு. சொட்டுகிற கொழுப்பையும் பிடித்து வைக்கச் சொல்கிறது. பெருவாத்தைச் சுட்டால் கொழுப்பு கிண்ணம் கிண்ணமாக இறங்கும். கோழியில் அது ஏது?

கரியடுப்பு:
அந்தக் குறிப்பில் ஓர் அளவுகூட இல்லையே அம்மா. எத்தனை பேரிக்காய், எவ்வளவு நேரம், எதுவும் கிடையாது. எல்லாம் சமைப்பவர் கைப்பக்குவம்தான். அப்படியிருக்க, பறவையை மாற்றினால் மட்டும் குற்றமா?

ஏட்டுப்பிரியை:
அளவை விட்டது சமைப்பவருக்குத் தெரியும் என்பதால். பறவையின் பெயரை விடவில்லையே. சரி, உள்ளே அடைத்ததை என்ன செய்தீர்கள்?

கரியடுப்பு:
இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறினேன்.

ஏட்டுப்பிரியை:
அங்கேதான் தப்பு. அது தொட்டுக்கொள்ள வைத்தது அல்ல, அதுதான் சாஸ். வெந்ததும் பறவையைத் துண்டு போட்டு, உள்ளே இருப்பதை வழித்துச் சட்டியில் போட வேண்டும். பிடித்து வைத்த கொழுப்பும் கேலன்டைனும் அதில் சேரும். ரொட்டியின் மேல்பொருக்கைப் பொடித்து, அரத்தை, பட்டை, இஞ்சிப் பொடி, உப்பு போட்டு வினிகரில் கரைத்து வடிகட்டினால் கேலன்டைன். சட்டியில் இருப்பது கெட்டியாக இருந்தால் வைன் ஊற்றி, இன்னும் கொஞ்சம் அரத்தைப் பொடி, இனிப்பு மசாலாப் பொடி, உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, துண்டுகளின் மேல் ஊற்றுவார்கள்.

தணல்:
ஏட்டுப்பிரியை சொல்வது சரி. இன்னொன்று: வயிற்றுக்குள் அடைத்தது 74 டிகிரி எட்டாவிட்டால் ஆபத்து. அப்புறம் சட்டியில் கொதிக்கவிடும்போது அந்தக் கவலை தீரும். ஆனால் ஓவனைக் குறை சொல்ல மாட்டேன். அன்று கம்பியில் குத்தி நெருப்பின் முன்னே சுழற்றினார்கள், கீழே தட்டு. கம்பித்தட்டில் பறவையை உயர்த்தி வைத்தால் அதே கொழுப்பு நமக்கும் கிடைக்கும்.

கரியடுப்பு:
சாஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கோழி விஷயத்தில் இல்லை. நாட்டு மருந்துக் கடைச் சித்தரத்தை வீட்டில் இருக்கிறது, அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

ஏட்டுப்பிரியை:
வாத்திலாவது செய்யுங்கள் அண்ணா, கொழுப்புக்காக.