காட்டராக்ட் என்ற சொல்லுக்கும் அருவிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு இரு கண்களிலும் காட்டராக்ட் இருப்பதாக மருத்துவர் கூறினார். தமிழில் இதைக் கண்புரை என்கிறோம். ஆனால் ஆங்கில அகராதியில் இதே சொல்லுக்குப் பேரருவி என்றும் பொருள் இருக்கிறது. கண்ணில் நீர் வடிவதால் வந்த பெயரா இது?

மறுமொழி 1:
கண்ணீருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மூளையிலிருந்து ஒரு கெட்ட நீர் இறங்கி, கண்மணிக்கும் அதன் பின்னுள்ள வில்லைக்கும் (லென்ஸ்) இடையில் உறைந்து பார்வையை மறைக்கிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். அரபு மருத்துவர்களும் இந்நோயை 'நீர் இறங்குதல்' என்றே அழைத்தார்கள். அரபு மருத்துவ நூல்களை 11ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்த ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன், அதற்கு அருவியைக் குறிக்கும் 'கேடரக்டா' என்ற சொல்லை வழங்கினார். கோட்டை வாயிலில் மேலிருந்து இறக்கப்படும் கதவுக்கும் அச்சொல் வழங்கியதால், 'பார்வையை அடைக்கும் கதவு' என்று விளக்குவோரும் உண்டு. எனக்கு நீர் என்ற விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

மறுமொழி 2:
அந்த நம்பிக்கை இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்ததற்குச் சிகிச்சையும் ஒரு காரணம். பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதையிலும் விவரிக்கப்படும் பழைய முறையில், கூரிய கருவியைக் கண்ணுக்குள் செலுத்தி, பார்வையை மறைக்கும் வெண்மையைக் கீழே தள்ளிவிடுவார்கள். உடனே ஓரளவு வெளிச்சம் தெரியும். உறைந்த நீரைத்தான் விலக்கினோம் என்று வைத்தியர் நம்புவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1705இல் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்துபோன ஒரு படைவீரரின் கண்ணில் இதே முறையைச் செய்துவிட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்தபோது, கீழே தள்ளப்பட்டுக் கிடந்தது ஒளி ஊடுருவாதபடி மங்கிப்போன வில்லையே என்பதைக் கண்டார். கருத்து மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை.

மறுமொழி 3:
நம் ஊர்களிலும் 'கண்ணில் சதை வளர்ந்துவிட்டது, உரித்து எடுக்க வேண்டும்' என்று சொல்வதைக் கேட்கலாம். சதை வளர்வது வெண்விழியிலிருந்து கருவிழியின் மேல் படரும் வேறொரு நோய். கண்புரையிலோ வில்லையில் உள்ள புரதங்கள் திரண்டு வில்லையே மங்குகிறது. ஆகவே உரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். இதை 1949இல் லண்டனில் முதலில் செய்தவர் ஹெரால்டு ரிட்லி. புரை நன்றாக முற்றட்டும் என்று உறவினர்கள் சொன்னால் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். மிகவும் முற்றிய புரை இறுகிவிடுவதால் அறுவைதான் கடினமாகும். அன்றாட வேலைகளுக்குப் பார்வை இடையூறாகும்போதே மருத்துவரிடம் பேசி, அம்மாவுக்கு நாள் குறித்துவிடுங்கள்.