ஸ்டான் ஹியூகில் பாடிய கப்பல் பாட்டுகள்: கேட்டவர்கள் சொல்லுங்கள்

துறைமுகத்தான்:

ஸ்டான் ஹியூகில் பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. ஷாண்டி என்பது பாய்மரக் கப்பலில் மாலுமிகள் வேலைக்காகப் பாடிய பாட்டு. நம் ‘ஏலேலோ ஐலசா’ வகையறாதான். அதை நிஜக் கப்பலில், நிஜ வேலைக்குப் பாடிய கடைசி ஆட்களில் ஒருவர் இவர். 1906இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் பிறந்தவர். 1929இல் கேப் வெர்டே தீவுகள் பக்கம் உடைந்துபோன ‘கார்த்பூல்’ கப்பலில் பாட்டெடுத்தார். பிரிட்டிஷ் கொடியோடு சரக்கு ஏற்றி ஓடிய பெரிய பாய்மரக் கப்பல்கள் அதோடு தீர்ந்தன. (1891இல் டண்டீயில் அதைக் கட்டியபோது வைத்த பெயர் ‘ஜூட்டோபோலிஸ்’. சணல் வியாபாரத்துக்கென்று கட்டியது. அந்த நாளில் டண்டீ சணல் என்றால் வங்காளத்துச் சணல்தானே!)

நான் கேட்டது லிவர்பூலில். கப்பல் பழுதுக்கு நின்றிருந்தது, ஷோர் லீவில் ஊர் சுற்றினேன். பழைய ரெக்கார்டு விற்கும் கடையில் ‘அபோர்டு தி கட்டி சார்க்’ என்ற எல்பி இருந்தது. 1979இல் வந்தது, அப்போதே அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கரகரப்பு. அதற்கு நடுவே திடீரென்று குரல் எகிறி உடையும், வாலை மிதிபட்ட நாய்க்குட்டி மாதிரி. அதை ‘ஹிட்ச்’ என்கிறார்கள். கறுப்பின மாலுமிகளின் பாணி அது. பார்படோஸ்காரரான ஹார்டிங் என்ற மாலுமியிடம் நிறையப் பாட்டு கற்றுக்கொண்டதாக ஹியூகில் எழுதியிருக்கிறார்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். வரிக்கு வரி ஓர் இடைவெளி விடுகிறார். இன்று மேடையில் பாடும் குழுக்கள் அந்த இடத்தை ஒத்திசைக் குரலால் நிரப்பிவிடுகின்றன. இவர் நிரப்புவதில்லை. இழுத்த கை விட்டு, அடுத்த பிடி பிடிக்க வேண்டும் அல்லவா? அதற்கான நேரம் அது. கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றை இழுக்கும் மூரிங் விஞ்சுக்குப் பக்கத்தில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அது உடனே உறைத்தது. எங்கள் கப்பலில் லீவரைத் தள்ளினால் ஹைட்ராலிக் இழுக்கும். பாட்டுக்கு அங்கே என்ன வேலை?

நீங்கள் எங்கே, எப்படிக் கேட்டீர்கள்? எழுதுங்கள்.

கனெக்டிகட் அம்மா:

அண்ணா, ஹியூகிலை ரெக்கார்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்த இடைவெளியைக் கையால் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகம். 1841இல் கட்டிய ‘சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் அங்கே நிற்கிறது. அங்கே கடல் பாட்டுத் திருவிழாவும் பல வருடம் நடந்தது. ஹியூகில் உயிரோடு இருந்தபோது அங்கே வந்து பாடியிருக்கிறார். நாங்கள் போனது சாதாரண நாளில், பிள்ளைகளோடு. பாய் ஏற்றுவதை வேலைக்காரர்கள் செய்து காட்டினார்கள். பார்க்க வந்த எங்களையும் வரிசையாக நிறுத்தி ஆஞ்சான் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். நல்ல கனம், தார் வாசனை, உள்ளங்கையில் நார் குத்துகிறது.

முதலில் பாட்டு இல்லாமல் இழுக்கச் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தோம். பாய் கட்டிய கட்டை ஒரு பக்கம் துள்ளியது, நகரவில்லை. பிறகு ஒரு பெண்மணி ‘ப்ளோ தி மேன் டவுன்’ எடுத்தார். அவர் வரி பாடும்போது சும்மா நிற்க வேண்டும். நாங்கள் பதில் வரி பாடும்போது வரிக்கு இரண்டு இழுப்பு. அவ்வளவுதான். நாலைந்து வரிக்குள் கட்டை மேலே. என் சின்னவன் தரையில் கால் ஊன்றாமல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான், அவனையும் சேர்த்தே இழுத்திருக்கிறோம்!

எல்லா வேலைக்கும் ஒரே பாட்டு இல்லை என்றும் விளக்கினார்கள். ‘ஹால் அவே ஜோ’ மாதிரிப் பாட்டில் கடைசிச் சொல்லில் மட்டும் ஒரே வெட்டிழுப்பு. கொஞ்சம்தான் இறுக்க வேண்டும், ஆனால் பலமாக, என்றால் அது. நங்கூரம் தூக்க, கப்ஸ்டன் என்ற கயிறு சுற்றும் உருளையைத் தள்ளிக்கொண்டு சுற்றி நடக்கும்போது நிறுத்தமே கிடையாது, அதனால் அந்தப் பாட்டுகள் நீளமான நடைப்பாட்டுகள். பம்பு அடிக்க இன்னொரு ரகம். வீட்டுக்கு வந்து ஹியூகிலைப் போட்டபோது, எந்தப் பாட்டுக்கு என்ன வேலை என்று பெரியவள் ஊகித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதிக்கு மேல் சரியாக இருந்தது.

ஐலசா பாய்ஸ்:

நான் தூத்துக்குடி. உண்மையைச் சொன்னால் நான் வந்த வழி ‘அசாசின்ஸ் க்ரீட் பிளாக் ஃபிளாக்’. 2013இல் வந்த கேம். கப்பல் ஓட்டும்போது கூட இருப்பவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள். சண்டையை விட்டுவிட்டுப் பாட்டுக்காகவே சும்மா சுற்றுவேன். அந்தக் கதை நடப்பது 1715 வாக்கில், அதில் வரும் பாட்டுகளோ பெரும்பாலும் அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிறகு 2021 ஜனவரியில் ‘வெல்லர்மேன்’ டிக்டாக்கில் ஓடியது, ஸ்காட்லாந்துத் தபால்காரர் பாடியது. அது நியூசிலாந்துப் பாட்டு. வேலைப்பாட்டே இல்லை, கதைப்பாட்டு என்கிறார்கள். எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான். ஹியூகிலை யூடியூப் காட்டிக்கொடுத்தது. துறைமுகத்தான் சீஃப் மேடைக்குழுக்களை இப்படி மட்டம் தட்ட வேண்டியதில்லை. அவர்கள் இல்லையென்றால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

வடமராட்சியான்:

மட்டம் தட்டேல்லைத் தம்பி, அவர் கயிற்றைப் பற்றிச் சொல்லுறார். எங்கட பக்கத்தில கரைவலை இழுக்கேக்க பாடுறது அம்பாப் பாட்டு. சின்ன வயசில பெரியப்பாவோட கடற்கரைக்குப் போய் நிண்டிருக்கிறன். ஒருத்தர் எடுத்துக் குடுப்பார், ரெண்டு பக்கக் கயிற்றிலும் நிக்கிற ஆக்கள் ‘ஏலேலோ’ எண்டு வாங்குவினம். வலை கிட்ட வர வரப் பாட்டு வேகமாகும். மீன் சேருற வலை மடி கரையில தட்டுற நேரம் பாட்டே இல்லை, வெறும் கத்தல்தான். பாட்டெடுக்கிறவர் நடுவில வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின்ர கஞ்சத்தனத்தையும் சேர்த்துப் பாடுவார். சம்மாட்டி பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருப்பார், ஒண்டும் சொல்லமாட்டார். பிறகு முல்லைத்தீவுப் பக்கம் உழவு இயந்திரத்தில விஞ்ச் பூட்டி வலை இழுக்கத் தொடங்கிச்சினம். அதில பெரிய பிரச்சினையும் நடந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலால ஆர் பாடுறது?

ஹியூகிலின்ர 1961ஆம் ஆண்டுப் புத்தகத்தில ‘ஏகி டூமா’ எண்டு ஒரு பாட்டு இருக்கு, இந்துஸ்தானிச் சொல்லுக் கலந்தது. லஸ்கார் எண்டு சொல்லுற எங்கட பக்கத்து மாலுமிமார் வழியா வந்தது. லண்டனில ஒரு நண்பர் வீட்டில அதைப் பார்த்தன். நாலைஞ்சு கண்டத்துக் குரல் ஒரே கப்பலில இருந்திருக்கு எண்டது அப்பத்தான் விளங்கினது.

துறைமுகத்தான்:

வடமராட்சியாரே, சம்மாட்டி கதை அருமை. அங்கேயும் அதே கதைதான். பாட்டெடுப்பவன் கேப்டனையும் அவருக்கு அடுத்த அதிகாரியான மேட்டையும் சோற்றையும் திட்டி வரி கட்டலாம், பாட்டுக்குள் இருக்கும்வரை தண்டனை கிடையாது. நல்ல பாட்டுக்காரன் ஒருத்தன் கயிற்றில் பத்து ஆளுக்குச் சமம் என்பது மாலுமிகளின் கணக்கு. வணிகக் கப்பலில் செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள், குறைந்த கையால் இழுக்கப் பாட்டு வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் ஆள் ஏராளம், அங்கே வேலையின்போது பாடவே விடவில்லை. விசில், இல்லாவிட்டால் ஃபிடில்.

ரெக்கார்டில் கேட்பது கழுவித் துடைத்த வடிவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜப் பாட்டில் பாதி வீட்டில் போட முடியாத பச்சை. புத்தகத்தில் ஹியூகில் அந்த வரிகளை மாற்றித்தான் அச்சிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அவரைத் தவிர வேறு யார் எழுதிவைத்திருப்பார்கள்? 1940இல் அவர் இருந்த ‘ஆட்டோமெடான்’ கப்பலை நம் இந்துமாக் கடலில் ஜெர்மன் கப்பல் பிடித்தது, போர் முடியும் காலம்வரை கைதி முகாம். பிறகு ஊர் திரும்பி, வேல்ஸில் அபர்டோவி கடல் பள்ளியில் பையன்களுக்குக் கயிறு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தனையும் தாளுக்கு வந்தது. 1992இல் இறந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘லீவ் ஹெர் ஜானி’யில் தொடங்குங்கள். பயணம் முடிந்து கரை சேர்ந்ததும், கப்பலில் ஊறிய தண்ணீரைக் கடைசியாகப் பம்பு அடித்து இறைக்கும்போது பாடுவது. மாதக்கணக்கில் வயிற்றில் வைத்திருந்த குறையெல்லாம் அதில் கொட்டும்.

ஐலசா பாய்ஸ்:

சீஃப், நான் இப்போது நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். மேனேஜரை வைத்து நாலு வரி கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை டீம் லஞ்சில் பாடலாமா?

துறைமுகத்தான்:

கரை சேர்ந்த பிறகுதான் பாடுவார்கள் என்று சொன்னேனே தம்பி. செட்டில்மென்ட் பணம் கணக்கில் ஏறட்டும், ரிலீவிங் லெட்டர் கைக்கு வரட்டும். அப்புறம் பாடி, ரெக்கார்டு பண்ணி இங்கே போடுங்கள்.