வடிகால் பணி குறித்த தகவல் மனு: இரண்டாம் மேல்முறையீட்டில் கள ஆய்வையும் கேட்கலாமா?

வணக்கம். தென்சென்னையில் எங்கள் குடியிருப்புப் பகுதிக்காக நான்கு பக்க மாத இதழ் ஒன்றை நடத்தி வருகிறேன். கோயில் திருவிழாவும் கடைத் திறப்பும் பக்கங்களை எளிதில் நிரப்பிவிடும் (விளம்பரமும் அவற்றோடுதான் வரும்). ஆனால் எங்கள் தெருவில் பாதியில் நின்றுபோன மழைநீர் வடிகாலைப் பற்றி ஆவணம் இல்லாமல் அச்சிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதன் வண்டல் தொட்டி ஒன்று மூடியின்றிக் கிடக்க, இட்லிக் கடை அம்மா பழைய கதவுப் பலகையொன்றை அதன்மேல் போட்டு வைத்திருக்கிறார்.

வார்டு அலுவலகத்துக்கு இருமுறை நேரில் சென்றேன், பயனில்லை. பின்னர் ஜனவரி தொடக்கத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன்படி பணி ஆணை, மதிப்பீடு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம் (எம்-புக்) ஆகியவற்றின் நகல்களைக் கேட்டேன். 28ஆம் நாள் வந்த பதிலில் "பணி நிறைவடைந்தது" என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. உடனே பிரிவு 19(1)இன்கீழ் முதல் மேல்முறையீடு செய்தேன். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பான 45 நாட்களும் கடந்துவிட்டன, ஆணை வரவில்லை. ஒப்புகை அட்டை என்னிடம் உள்ளது. இரண்டாம் மேல்முறையீட்டுக்காக மாநிலத் தகவல் ஆணையத்துக்குச் செல்ல 90 நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணியை நேரில் ஆய்வு செய்யும் உரிமையைப் பிரிவு 2(j) தருகிறது என்றாலும், முதல் மனுவில் அதை நான் கோரவில்லை. இரண்டாம் மேல்முறையீட்டிலேயே அதைச் சேர்த்துக் கேட்கலாமா, அல்லது அதற்கெனப் புதிய மனு போட வேண்டுமா?